பேச்சியம்மாவின் துவக்கு

உப்புக் கரைந்துவிட்டதா என்று சிவலட்சுமி விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். நன்றாகக் கரித்தது. குசினிச் சுவரில் சாத்தியிருந்த துவக்கின் குழல் வாய்க்குள் செம்பைச் சரித்து மெதுவாக ஊற்றினாள். முன் அறையில் அவளுடைய புருசன் தில்லைநாதன் கால் பெருவிரல்கள் கட்டப்பட்டுக் கிடந்தார். பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள், முற்றத்தில் பறை முழங்கியது. கட்டின பெண்டாட்டி எங்கே போனாள் என்று யாரும் இன்னும் தேடவில்லை.

மூன்று நாள் மலேரியாக் காய்ச்சல். நான்காம் நாள் விடிய ஆள் இல்லை. அந்த மூன்று நாளும் அவர் வாயிலிருந்து வந்தது இரண்டே விசயம். தண்ணீர் கேட்டார். பிறகு, "பேச்சியம்மாவின்ர துவக்கைக் குடுத்துவிடு" என்றார். நீ சாப்பிட்டியோ என்று ஒரு சொல் இல்லை. போகிற உயிர் வேறொருத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் நெஞ்சு ஆறும்?

பேச்சியம்மா மூன்று வயல் தள்ளி இருப்பவள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் வந்த குடும்பம். போன வருசம் அவளுடைய புருசன் சுடலைமுத்துவை வயலுக்குள் வைத்து யானை அடித்துவிட்டது. அந்தச் செத்தவீடு முடிந்த கையோடு, கூரைக்குள் செருகிக் கிடந்த பழைய துவக்கொன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, துவக்குத் திருத்தத் தெரிந்த தில்லைநாதனிடம் வந்தாள். சுடத் தேவையில்லை, யானை வெருள ஒரு சத்தம் போதும், இதைச் சரிப்படுத்தலாமா என்று கேட்டாள்.

அவர் குழலை வெயிலுக்குப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இது எங்கட இடியன் துவக்கு இல்லைப் பிள்ளை. அதைப்போல இதுக்கும் வாயாலதான் மருந்து போட்டு இடிக்கிறது. ஆனா இடியனுக்கு உள்ளுக்கு வழுவழுப்பாய் இருக்கும். இதுக்குள்ள வரி ஓடுது, முறுக்கின கயிறு மாதிரி. வெள்ளைக்காரத் துரைமார் மரை மான் சுட வைச்சிருந்த சாமான்."

"எங்க வீட்டுக்காரரோட தாத்தா தொரையோட வேட்டைக்குப் போனவருங்கண்ணே," என்றாள் பேச்சியம்மா.

அன்று தொடங்கிய கதை எட்டு மாதம் ஓடியது. முதல் நாள் அவர் குழலுக்குள் கம்பியை விட்டு, வாயருகே கரியால் அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து அளந்தார். கம்பி அடியைத் தொட நான்கு விரல் குறைந்தது. "உள்ளுக்குப் பழைய வெடி இருக்கு" என்று சொல்லி, தண்ணீர் விட்டு ஊறவைத்து இரண்டு நாளாகச் சுரண்டி எடுத்தார். பிறகு துரு. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஜாம்போத்தல் விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லாத காலத்தில் அந்தத் துவக்கு மண்ணெண்ணெயில் குளித்தது. தோளில் அணைக்கிற மரப் பிடங்கு உளுத்துப்போயிருந்தது, அதற்குப் பதிலாக வீட்டில் கிடந்த ஒரே முதிரைப் பலகையை அறுத்தார். குசினிக்குக் கதவு போடலாம் என்று சிவலட்சுமி நான்கு வருசமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பலகை அது. கதவில்லாத குசினிக்குள் நாய் புகுந்து சட்டியை நக்கியது. அவர் முற்றத்தில் இருந்து பிடங்குக்கு மெழுகு பூசினார். ஒருநாள் குசினி வாசலில் ஒரு கயிற்றைப் பிடித்தபடி நின்றார். என்ன என்று கேட்டாள். "சும்மா" என்றார். அவளுக்கென்றால் ஒரு சும்மா, பேச்சியம்மாவுக்கென்றால் மணிக்கணக்கில் விளக்கம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த ஊரோ வாயைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவரோடு ஒரு சண்டையாவது போட்டிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் அவள் வயிறெரிந்தாள். சக்களத்தியைப் பார்ப்பதுபோல அந்தத் துவக்கைப் பார்த்தாள். அடுப்படியில் இருந்தபடியே எட்டு மாதமும் அவருடைய கை போன இடமெல்லாம் அவள் கண்ணும் போனது. "உப்புத்தண்ணி மட்டும் படக் கூடாது பிள்ளை. ஒரு நாள் போதும், வரியெல்லாம் தின்றுபோடும்" என்று அவர் சொன்னது பேச்சியம்மாவுக்குத்தான். இவளுக்கும் நன்றாகக் கேட்டது.

கேட்கிறவள் வந்து கொண்டுபோகட்டும். நன்றாகக் கொண்டுபோகட்டும்.

"அக்கா."

பேச்சியம்மா பின்வேலிப் பக்கமாக வந்து நின்றாள். அவளோடு வந்த இரண்டு ஆண்கள் ஒரு கதவை இறக்கி மாமரத்தில் சாத்திவிட்டு முற்றத்துப் பக்கம் போனார்கள். புதுக் கதவு. சீவின பாலை மரத்தின் வாசம் அடித்தது.

"என்ன இது?"

"ஒங்க குசினிக்குங்க. அண்ணே கூலி வேணாம்னுட்டாரு. வீட்டுல இருந்த பலகைய துவக்குக்குப் போட்டுட்டேன், அதுக்குப் பதிலா ஒரு கதவு அடிச்சுக் குடுத்துரும்மான்னாரு. அளவும் தந்தாரு. ஆசாரி நேத்துதான் முடிச்சாரு. வெறுங்கையோட வந்து அவரு மொகத்தப் பாக்க மனசு வரலக்கா."

முடிச்சுப் போட்ட கயிறொன்றை நீட்டினாள். மாசி மாதம் சிவலட்சுமி தேடித் தேடிக் களைத்த உடுப்புக்கொடிக் கயிற்றின் துண்டு.

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"என்னட்டை ஒரு சொல் சொல்லேல்லை. உன்னட்டைச் சொல்லியிருக்கிறார்."

பேச்சியம்மா நிலத்தைப் பார்த்தாள். "சொன்னா நீங்க வேணாம்பீங்கன்னாருங்க."

அது உண்மைதான். பேச்சியம்மா கொடுக்கிற கதவு என்றால், நாய் சட்டியோடு சேர்த்துச் சோற்றையும் தின்னட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. முப்பது வருசம் ஒரு பாயில் படுத்த மனுசன்.

துவக்கின் அடித் துளையால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா அதைக் கண்டாள். பக்கத்தில் திறந்து கிடந்த உப்புச் சிரட்டையையும் கண்டாள்.

"நான்தான் விட்டனான்," என்றாள் சிவலட்சுமி.

பறைச் சத்தம் ஓய்ந்து மறுபடி தொடங்கியது.

"நேத்து ராவும் யானை வந்துச்சுக்கா," என்றாள் பேச்சியம்மா.

சிவலட்சுமி அடுப்பைப் பார்த்தாள். சாம்பலும் குளிர்ந்துபோய்க் கிடந்தது. பிரேதம் வீட்டை விட்டுப் போகும்வரை செத்தவீட்டில் உலை வைக்கக் கூடாது. உப்புப் போக வேண்டும் என்றால் கொதிதண்ணீர் வேண்டும், கிணற்றுத் தண்ணீரால் அது போகாது. இந்த எட்டு மாதத்தில் பேச்சியம்மாவிடம் அவள் ஒரு நெருப்புக்குச்சிகூடக் கேட்டதில்லை.

"உன்ர அடுப்பில நெருப்பு இருக்கோ?"

"இருக்குங்க."

"அப்ப ஒரு கேத்தில் கொதிதண்ணி கொண்டு வா. கெதியா."

பேச்சியம்மா வரம்பால் ஓடினாள். அவள் திரும்புவதற்குள் தில்லைநாதனின் தங்கை இராசமலர் குசினி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மச்சாள், இஞ்ச என்ன செய்யிறியள்? வாய்க்கரிசிக்கு எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"நீ போ. வாறன்."

கேத்தில் வந்தது. மூக்கால் ஆவி பறந்தது.

"நா ஊத்துறேங்க. அண்ணே கழுவச் சொல்லிக் குடுத்திருக்காரு."

"தள்ளு," என்றாள் சிவலட்சுமி. "எனக்கும் தெரியும்."

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் செய்ததுபோலவே அடித் துளையைப் பெருவிரலால் பொத்தினாள். குழல் நிறைய ஊற்றி, குலுக்கி, விரலை எடுத்தாள். கலங்கலாய் ஓடியது. மறுபடி பொத்தினாள். அவர் விரலில் பழந்துணி சுற்றிக்கொண்டு செய்வார். இவளுக்கு அது ஞாபகம் இருந்தது, துணி தேட நேரம் இருக்கவில்லை. மூன்றாம் தரம் வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. தொட்டு நக்கினாள். கரிக்கவில்லை.

"சூடு ஆற முந்தித் துடை. பிறகு இலுப்பெண்ணெய் போடு," என்று துவக்கைப் பேச்சியம்மாவின் கையில் கொடுத்தாள். "கொண்டு போ."

முன் அறையில் கூட்டம் விலகி வழிவிட்டது. அரிசித் தட்டை நீட்டிய இராசமலர் அவளுடைய கையைப் பார்த்தாள். பெருவிரல் வெந்து கொப்புளம் போட்டிருந்தது.

"என்ன மச்சாள் இது, கையில?"

சிவலட்சுமி அரிசியை அள்ளிக்கொண்டு அவருடைய முகத்தருகே குனிந்தாள்.

"சும்மா," என்றாள்.