கறுப்பாய்ப் போகுது

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் எங்கள் லாபு ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரை ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மருந்தறைச் சாவி, கணக்கெழுதும் கிராணியான என்னிடம் வந்தது. கூடவே அவர் எழுதி வைத்த நோட்டும் வந்தது. எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்வதில் எனக்குப் பெருமை உண்டு.

பால்மரம் வெட்டும் ராக்கம்மாவுக்கு விட்டுவிட்டுக் குளிர்காய்ச்சல். அதற்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை தீர்ந்து மாதக்கணக்காயிற்று. முகம் வெளுத்து, கொஞ்சம் ஊதியும் இருந்தது. 'சோகைக்கு இரும்பு மருந்து, வேளைக்கு ஓர் அவுன்ஸ்' என்றது நோட்டு. கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஐயா, கறுப்பா போகுதுங்க.”

நோட்டின் அடுத்த வரி எனக்கு மனப்பாடம்: 'குடித்தால் கறுப்பாய்ப் போகும். பயமில்லை.' அது மலத்தைப் பற்றியது. அவள் எதைச் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளுக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். ஒரு பெண்பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது என்று கூசினேன்.

“அப்படித்தான் போகும். மருந்து வேலை செய்யுது.”

ஒன்பது நாள் குடித்தாள். பிறகு நீர் பிரிவதே நின்று, கால் வீங்கி, நினைவு தப்பியது. அவள் புருஷன் வீரமுத்துவும் நானும் மாட்டுவண்டியில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் இறந்துபோனாள்.

டாக்டர் என்னைத் தனியே அழைத்து ஆங்கிலத்தில் விளக்கினார். மலேரியாவில் உடைந்த இரத்தம்தான் அவள் சிறுநீரில் கறுப்பாக இறங்கியிருக்கிறது. அந்த இரத்தத்தின் இரும்பு சிறுநீரகச் சதையில் துருவைப்போல் படிந்து அதைக் கெடுத்திருக்கிறது. இரும்பு போதாது என்று நான் ஊட்டிக்கொண்டிருந்தவளுக்கு, இருந்த இரும்பே இருக்கக் கூடாத இடத்தில் கிடந்தது. என் மருந்து அவளைக் கொல்லவில்லையாம். கறுத்த அன்றே வந்திருந்தால் பிழைக்க வழி இருந்ததாம். அவள் யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

சொல்லவில்லை என்றேன்.

வராந்தாவில் நின்ற வீரமுத்துவுக்கு அது புரியவில்லை.

காரியம் முடிந்ததும் ரெம்பாவில் இருக்கும் அவள் அண்ணன் சன்னாசிக்குக் கடிதம் எழுத வந்தான். தோட்டத்தில் எல்லாருக்கும் நான்தான் எழுதுவேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“கிராணி ஐயா கடைசி வரைக்கும் மருந்து குடுத்து, கூடப்பொறந்தவன் மாதிரி பாத்துக்கிட்டாருன்னு போடுங்கய்யா.”

பேனா நின்றுவிட்டது. அந்த வரியை என் கையால் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக, 'அவளுக்குச் சிறுநீர் கறுப்பாய்ப் போயிற்று. வந்து சொன்னாள். எது என்று கிராணி கேட்கவில்லை' என்று எழுதி, நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன்.

வீரமுத்து காகிதத்தைப் பார்த்தான். அவனுக்கு எழுத்து தெரியாது. அடிப்பான், இல்லை காறித் துப்புவான் என்று காத்திருந்தேன்.

“அதை அடிச்சிருங்கய்யா,” என்றான். “செத்தவளோட மூத்திரத்தையா அவ அண்ணனுக்கு எழுதுறது? நாலு பேரு நடுவுல வச்சுப் படிப்பான்லா.”

பிறகு, குரலை இறக்கி, “எங்கிட்டயும் அதைத்தான் சொன்னா. நானும் கேக்கல,” என்றான்.

அளவுகோலை வைத்து அந்த வரிகளை அடித்தேன். மேலே அவன் சொன்னதை எழுதினேன். கூடப்பிறந்தவன் என்ற சொல்லில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.