எதிர்ப்பாதி

கடலைக் கண்ணால் பார்த்திராதவர்கள் நாங்கள். ஆனாலும் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல் குவாரியில், கல்லாகிப்போன பழைய கடலின் தரையை உளி வைத்துப் பிளந்துதான் ரொட்டி தின்கிறோம். சுத்தியலால் தட்டினால் நல்ல கற்பலகை கணீரென்னும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல் இருக்கும், இல்லையென்றால் என்றைக்கோ செத்துக் கல்லில் பதிந்த உயிர் ஏதாவது இருக்கும்.

அப்படி மந்தமாக ஒலித்த ஒரு பலகையை நானும் என் தங்கை வால்புர்காவின் புருஷன் வூனிபால்டும் எங்கள் குழியில் பிளந்தோம். உள்ளே சிறகு விரித்த பல்லி. ஒரு பாதியில் எலும்பு, எதிர்ப்பாதியில் அதன் அச்சு. ஜோடி பிரிந்தால் வாங்க ஆளில்லை. விற்கும்வரை ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டோம்.

அந்த வாரமே தங்கை உதடு கிழிந்து வந்து நின்றாள். மூன்றாவது தடவை. போய் வூனிபால்டின் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னொரு தரம் அவமேல கை வச்சே, என் பாதியைத் தூளாக்கிடுவேன். உன் பாதியைக் கட்டிக்கிட்டு அழு!"

"பாவம் மச்சான், கல்லு என்ன பண்ணுச்சு?" என்று இளித்தான்.

ஐந்து வாரம் அடி விழவில்லை. பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், மடையன்.

கல்லை வாங்க மியூனிக் வியாபாரி வருகிற நாள் காலையில், கொட்டகையில் இருந்த என் பாதியை என்னைக் கேட்காமலே தூக்க வூனிபால்ட் வந்தான். மறித்தேன். சுத்தியல் காம்பால் தாடையில் போட்டான். இரண்டு பல் போயிற்று. கீழே விழுந்தவனை வயிற்றில் உதைத்தான். ரொட்டிக் கூடையோடு வந்த வால்புர்கா கத்தினாள்.

"விடுய்யா எங்கண்ணனை!"

"வாடி. இது வித்து முடியட்டும், அஞ்சு வாரப் பாக்கியையும் சேர்த்துத் தரேன்."

அவள் கூடையை வைத்துவிட்டு என் சுத்தியலை எடுத்தாள். ஒரே போடில் என் பாதிப் பலகை நொறுங்கியது.

"இதைத்தானே எனக்குக் காவல் வச்சே அண்ணே? வித்த பிறகு எதை வைப்பே?"

கேள்வி எனக்குத்தான். வெட்கத்தில் என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வூனிபால்ட் அலறிக்கொண்டு மண்டியிட்டுச் சில்லுகளைக் கூட்டி அள்ளினான். அவள் மறுபடி ஓங்கினாள். இந்த முறை அவன் வலது கைமேல். சத்தம் மந்தமாக வந்தது. திரும்பவும் அடித்தாள். விரல்கள் விரல்களாக இல்லாமல் போகும்வரை அடித்தாள்.

"நீ தடுத்திருக்கலாமே?" என்று கோர்ட்டில் நீதிபதி கேட்டார்.

எழுந்து நிற்கத் தெம்பு இருந்தது, தடுக்கத்தான் மனம் வரவில்லை என்றேன்.