சங்கு ஊதினால் அப்பா வருவார்

அவளுக்கு ஐந்து வயது. வாய்க்கு மட்டும் ஐம்பது என்பாள் அம்மா. வீட்டில் எல்லோருக்கும் அவள் நண்டு. அப்பாவுக்கு நாலு தெரு தள்ளிப் பஞ்சாலையில் வேலை. பகல் பன்னிரண்டுக்கு ஆலைச் சங்கு ஊதும். மீசையெல்லாம் பஞ்சோடு அப்பா சாப்பிட வருவார். நண்டு வாசலுக்கு ஓடி அவர் காலைக் கட்டிக்கொள்ளும். நடக்கப் பழகிய நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

போர் வந்ததும், குண்டு போட விமானம் வந்தாலும் அதே சங்குதான் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக்கு நீளமாக ஒரே ஊதல். விமானத்துக்கு விட்டு விட்டு. பெரியவர்களுக்கு அது போதும். நண்டுக்குச் சங்கு என்றால் சங்கு, அவ்வளவுதான்.

அன்று காலை பத்து மணிக்குச் சங்கு விட்டு விட்டு ஊதியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நண்டு வாசலில் நின்றது. அம்மா அள்ளிக்கொண்டு வந்து, மெத்தைகள் அடுக்கிய மேசைக்கடியில் அதைத் திணித்துத் தானும் நுழைந்தாள்.

"விடும்மா! அப்பா வந்துருவாரு!"

"வரமாட்டாருடி. ஆலையில குழி வெட்டியிருக்காங்க, அதுல பத்திரமா இருப்பாரு. பேசாம இரு, கண்ணு."

எங்கோ குண்டு விழுந்தது. பாத்திரங்கள் கிடுகிடுத்தன. அடுத்தது இன்னும் கிட்டத்தில். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல், அப்பா ஓடிவந்து மேசைக்கடியில் புகுந்தார். முழங்காலில் ரத்தம்.

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? குழியில இருக்காம குண்டு விழுற தெருவுல ஓடி வர்றீங்க!" அம்மா திட்டிக்கொண்டே அழுதாள்.

"சங்கு ஊதிருச்சே. இவ வாசல்ல வந்து நிப்பாளேன்னுதான்..."

நண்டு அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இனிமே வாசலுக்கு வரமாட்டேம்ப்பா. நீ குழியிலயே இரு."

"சாப்பாட்டுச் சங்குக்கு வரலாமே, கண்ணு."

"அதுக்கும் வரமாட்டேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

மறுநாள் பன்னிரண்டுக்குச் சங்கு நீளமாக ஊதியது. அப்பா வந்தார். வாசல் காலியாக இருந்தது. ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போய்ச் சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு, குனிந்து, மேசைக்கடியில் தன் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.