ஒரு கட்டை இறக்கி

ஏசுதாஸ் டேப்பைக் கேட்டு வந்தான். ஜெசிந்தா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

செங்கல்பட்டில் எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவன் அவன். ரயில்வே குமாஸ்தா. எழுபத்து மூன்றாம் வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கோவளம் மாதா கோயிலில் லத்தீன் பூசைப் பாட்டுகளை அவர்கள் பாடியபோது நான்தான் பதிவு செய்தேன். என் மனைவி ஜெசிந்தாவின் குரல் அந்த ஒரு டேப்பில்தான் இருக்கிறது.

"ஈஸ்டர் வருது மச்சான். ஜெசிந்தா பாட்ட இந்த வாட்டி வசந்தா பாடுது. எங்க இழுக்கணும், எங்க வுடணும்னு கேட்டுக்கட்டும்."

"பங்குச் சாமியார் தந்த இசைத்தட்டு இருக்கே."

"அது வெள்ளக்காரி. அவளுக்குப் பின்னால அம்பது பிடில் கீது. அவ நின்னா அதுங்களும் நிக்கும். நம்மகிட்ட ஆர்மோனியமும் நானும்தான்."

உண்மைதான். தட்டில் அந்தப் பெண், கடவுளின் செம்மறியே இரக்கம் வையும் என்று லத்தீனில் உரிமையோடு கேட்கிறாள். ஜெசிந்தா கெஞ்சினாள். வரியின் நடுவில் ஏசுதாஸின் குரல் வந்து சேரும்வரை காத்திருந்தாள். இந்த இரண்டு மாதமும் அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். என்னிடம் அவள் எதற்கும் கெஞ்சியதில்லை.

டேப்பை ஓடவிட்டேன்.

"தட்டைவிடச் சுருதியில் ஒரு கட்டை கீழே பாடியிருக்கிறீர்கள். உன் ஆர்மோனியத்துக்குச் சளியா?"

"உன் பேட்டரி நாஸ்தா துன்னிருக்காது."

"புது பேட்டரி."



"நான்தான் எறக்கினேன். மேல போனா ஜெசிந்தாவுக்கு மூச்சு நிக்கல. நடுவுல நான் சேந்துக்குவேன், அந்த கேப்புல அது மூச்சு இழுத்துக்கும். வெளிய தெரியாது."

"எப்போதிலிருந்து?"

"மாதா திருநாள்லேர்ந்து. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுச்சு. நீ பேஜாராயிடுவியாம்."

மாதா திருநாள் செப்டம்பரில். அவளுடைய இதயத்தைப் பற்றி டாக்டர் எனக்குச் சொன்னது ஜனவரியில்.

"இன்னொரு தபா போடு மச்சான். டேப்பு தராட்டியும் பரவால்ல. கேட்டுட்டுப் போறேன்."

டேப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தட்டைப் போட்டேன். வெள்ளைக்காரி பாடினாள். வயலின்கள் அவளுக்காக நின்றன. ஏசுதாஸ் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். சேர வேண்டிய இடத்தில் அவனை அறியாமல் வாய் திறந்தது. வெள்ளைக்காரிக்கு அங்கே மூச்சு தேவைப்படவில்லை. பாடிக்கொண்டே போனாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

தட்டை உறையில் போட்டு அவனிடம் கொடுத்தேன்.

"வசந்தாவிடம் கொடு," என்றேன்.