பழுது காணப்படவில்லை

கணினிக் கடையின் கழிவறைக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. இரண்டு கைகளையும் குவித்துப் பிடித்துக்கொண்டு நிறையும்வரை காத்திருந்தேன். முகத்தில் அடித்தேன். மறுபடியும் காத்திருந்தேன். கண்ணை மூடினால் தரை மெல்லச் சரிந்தது, திறந்தால் நின்றது. வாந்தி வரவில்லை. தொண்டைக்குழிவரை வந்து, யோசித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. முதல் கணினியில் நான்கு நிமிடம் தாங்கினேன். இரண்டாவதில் ஆறு. இரண்டு நிமிடம் முன்னேற்றம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். தொழில் புத்தி.

நான் விமானங்களைப் பழுதுபார்க்கிறவன். விமானி இறங்கும்போது ஒரு குறையை எழுதிவைத்துவிட்டுப் போவார், திரும்பும்போது ஏதோ அதிர்கிறது என்று. நாங்கள் ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிப் பார்ப்போம். அதிர்வு நின்றால் கழற்றியதில் பழுது. நிற்காவிட்டால் அடுத்த பாகம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடவுளுக்கும் தெரியாது. எல்லாவற்றையும் மாற்றியும் எதுவும் அகப்படவில்லை என்றால் 'பழுது காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அப்போதெல்லாம் எங்கள் ஃபோர்மேன், "பழுது பைலட் சீட்டுல உக்காந்து வந்து, இறங்கி வீட்டுக்குப் போயிருச்சுப்பா" என்பார். இருபத்திரண்டு வருடமாக அதற்குச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வந்தபோது மனைவி என் கையில் கைக்குட்டையைக் கொடுத்தாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கைப்பையில் எப்போதும் ஒரு சிறிய மருந்துக்கடை இருக்கும்.

"அரை மணி முன்னாடி ஒரு மாத்திரை போட்டிருந்தா முடிஞ்சது. பஸ்ல வாந்தி எடுக்கிற சின்னப் புள்ளைங்களுக்குக் குடுக்கிறதுதாங்க."

"எனக்கு மாத்திரை வேண்டாம். மெஷின் சரியா இருந்தாப் போதும்."

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடிகூட நீங்க இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க."

கடைக்காரர் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது எங்கள் மூன்றாவது சனிக்கிழமை. வீட்டில் உட்கார்ந்தே விமானம் ஓட்டுகிற விளையாட்டுக்கு ஒரு கணினி வாங்க வேண்டும்; ஐந்து மாதமாக நான் படிப்பதெல்லாம் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்தான். கண்களை மூடுகிற ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தலையைத் திருப்புகிறோம். காட்சியும் கூடவே திரும்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத தாமதம் விழுந்தால் குமட்டும். கார்டு பெரிதானால் தாமதம் குறையும். நான் படித்த எல்லோரும் இதைத்தான் எழுதியிருந்தார்கள். எனக்கு அது வேதவாக்கு. குமட்டலுக்குக் காரணம் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, அதைக் கழற்றி மாற்றலாம் என்பதைவிட ஆறுதலான செய்தி வேறு என்ன?

இருபத்தொரு வயதில் என்னை ஒரு சுழலும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். விமானிப் பயிற்சிக்கான மருத்துவப் பரிசோதனை. கண்ணைக் கட்டி, சுற்றி, நிறுத்தி, எழுந்து நடக்கச் சொன்னார்கள். நான் சுவரில் போய் மோதினேன். "உள்காது சரியில்ல தம்பி. தரையில எந்த வேலை வேணும்னாலும் செய்யலாம்" என்றார் டாக்டர். அவருக்குச் சாப்பாட்டு நேரம். எனக்கு அன்று நல்ல சளி. சளியால்தான் காது அடைத்தது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில், பழுதுபார்க்கும் வேலைதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். பின்னால் மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். அந்தச் சளியை மட்டும் இத்தனை வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"இதுதான் சார் மூணாவது மெஷின். இதுக்கு மேல எங்கிட்ட இல்ல. யார்கிட்டயும் இருக்காது" என்றார் கடைக்காரர்.

உட்கார்ந்தேன். ஓடுபாதை விரிந்தது. எழும்பும்வரை எல்லாம் சுத்தம்; தலையைத் திருப்பினேன், காட்சி வெண்ணெய்போலத் திரும்பியது. தாமதம் என்று ஒன்று இல்லவே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. முதல் வளைவில் வயிறு அசைந்தது. இரண்டாவது வளைவில் நெற்றி வியர்த்தது. ஹெட்செட்டைப் பிடுங்கியபோது மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"ஹெட்செட்டை மாத்துங்க."

"போன வாரமே மாத்திட்டோம் சார்."

"அப்ப கேபிள்."

"கேபிளும் புதுசு."

"ஏதோ ஒண்ணு இருக்கணும்ல. சும்மாவா இப்படி வரும்?"

என் குரல் உயர்ந்திருந்தது. கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். மனைவி என் முழங்கையைத் தொட்டாள். மாற்றாத பாகம் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சொன்னபோது எனக்கு எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

"நீ உக்காரு."

"நானா? லிஃப்ட்லயே கண்ண மூடிக்கிட்டுப் போறவ நான்."

அதற்காகத்தான் அவளை உட்காரச் சொன்னேன். அவளுக்கும் குமட்ட வேண்டும், கடைக்காரர் பார்க்க வேண்டும், குறை பெட்டியில்தான் என்று முடிவாக வேண்டும். மனைவிக்கு வாந்தி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

கடைக்காரர் ஹெட்செட்டை அவளுக்கு மாட்டிவிட்டு, ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் பொருத்தி, இழுத்தால் மேலே, தள்ளினால் கீழே என்றார். விமானத்தை ஆகாயத்திலேயே தொடங்கிவிட்டார். அவள் பார்ப்பது எங்கள் முன்னிருந்த மானிட்டரிலும் தெரிந்தது. முதலில் மூக்கு மேலும் கீழும் ஆடியது. பிறகு நிதானித்தது. உயரத்தைக் காட்டும் எண் மூவாயிரம் அடியில் நின்றது. மாத்திரைகளை எண்ணுகிற விரல்கள், அழுத்தாமல் பிடித்திருந்தன.

"அக்கா, முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"தையல் மெஷினத் தவிர வேற எதையும் ஓட்டினதில்ல தம்பி."

ஐந்து நிமிடம். எட்டு. என்னைத் திணறடித்த அதே வளைவில், என்னைவிடச் செங்குத்தாகச் சாய்ந்து திரும்பினாள். பன்னிரண்டாவது நிமிடம் கடைக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நானும்தான்.

"எப்படி இருக்கு?" என்றேன். கேட்டது என் குரல் மாதிரி இல்லை.

அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து அவளால் என் முகத்தைப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இருந்ததில்லை.

"ஒரு மாதிரியாத்தாங்க இருக்கு. தலை சுத்துது. மெஷின்லதான் ஏதோ இருக்கு போல."

மானிட்டரில் தொடுவானம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. எண் மூவாயிரத்திலிருந்து அசையவில்லை. நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அவள் மறந்திருக்க வேண்டும். கடைக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த ஒரு வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அப்ப கழட்டிடலாமாக்கா?" என்றார் மெதுவாக.

அவள் கை ஹெட்செட் பட்டைக்குப் போகவில்லை.

"இருக்கட்டும்" என்றேன். "அவசரம் இல்ல."

அவள் தலையைத் தாழ்த்தி இறக்கைக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். காட்சியும் கூடவே குனிந்தது. கீழே ஒரு ஆறு, ஆற்றின்மேல் ஒரு பாலம், பாலத்தில் விமானத்தின் சிறிய நிழல். நிழல் பாலத்தைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அது அக்கரை சேருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.