கும்பத்தில் இறக்கிவைத்த புத்தர்

முந்நூறு வருஷமாகத் தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று யாரிடமும் சொல்லாமல் சம்மணமிட்டிருந்த திபெத்துப் புத்தரை, பேர்லினில் ஓர் அருங்காட்சியகத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். உள்ளே ஒரு துணி முடிச்சு. போதாதா? பொறுப்பாளர் லோரென்ஸ் அம்மையாருக்குத் தலைகால் புரியவில்லை. பீடத்தின் அடித்தகட்டைக் கழற்றி, முடிச்சை வெளியே எடுத்து, புத்தருக்குப் பக்கத்திலேயே தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை திறப்புவிழா என்று உத்தரவு போட்டுவிட்டார்.

கழற்ற வேண்டியவள் நிருபமா. கும்பகோணத்துக்காரி. உலோகச் சிலைகளைச் செப்பனிடப் படித்தவள். வேலை ஒப்பந்தம் டிசம்பர் வரைக்கும்தான். அந்த முடிச்சு சும்மா துணியில்லை, பிரதிஷ்டை செய்தவர்கள் உயிர் என்று நம்பி வைத்தது என்பது அவளுக்குத் தெரியும். ஊரில் கோயில் திருப்பணி என்றால் முதலில் சாமியைக் கும்பத்து நீரில் இறக்கிவைத்துவிட்டுத்தானே சிலையில் கை வைப்பார்கள்? திபெத்தியர்களிடமும் அப்படியொரு சடங்கு உண்டு. மியூனிக்கில் இருந்த ஒரு துறவிக்கு எழுதிக் கேட்டாள். வருகிறேன், ஆனால் அடுத்த வியாழக்கிழமைதான் முடியும் என்றார்.

"ஒரு வாரம் தள்ளிவைக்கலாமே" என்று லோரென்ஸிடம் கெஞ்சினாள்.

"அழைப்பிதழ் போய்விட்டது, நிருபமா. உங்களால் முடியாவிட்டால் வெளியாளைத்தான் கூப்பிட வேண்டும்."

அந்த அம்மாள் கெட்டவரில்லை. அதுதான் கொடுமை, கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வெளியாள் வந்து தகட்டை நெம்பி எடுப்பதைவிடத் தானே கழற்றுவது மேல். சரியென்றாள்.

கண்ணாடிப் பெட்டிகளுக்கு விளக்குப் பூட்டும் சுரேன்தான் வழி சொன்னான். டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவன்.

"யோசியாதேங்கோ அக்கா. கும்பம் நாங்களே வைப்பம். அம்மான்ட செம்பு இருக்கு. நொய்கெல்ன் பக்கம் தமிழ்க் கடையில மாவிலை எடுக்கலாம்."

"எனக்கு மந்திரம் தெரியாதே, சுரேன்."

"எங்கட ஐயருக்கும் திபெத்து மந்திரம் தெரியாதுதானே. தமிழில கேளுங்கோ. புத்தர் விளங்கிக்கொள்ளுவார்."

ஆபத்துக்குப் பாவமில்லை. புதன்கிழமை காலை செம்பில் தண்ணீர் பிடித்து, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, புத்தரின் மடியிலிருந்து செம்புவரை ஒரு வெள்ளை நூலைக் கட்டினார்கள். "கொஞ்ச நாள் இதுல இருங்க. பெரியவர் வந்து நல்ல இடமா பாத்து வெப்பார்" என்றாள் நிருபமா. பிறகு தகட்டைக் கழற்றி முடிச்சை எடுத்தாள். முடிச்சுக்குள் கொஞ்சம் வாற்கோதுமையும் ஒரு குழந்தையின் முடியும் இருந்தன. ஒரு கீறல்கூட விழாமல் வேலை முடிந்தது. அதற்காகவே தன்மீது வெறுப்பு வந்தது. செம்பை லேப் அலமாரியின் மேல்தட்டில் மறைத்துவைத்துவிட்டுத் துறவிக்கு எழுதினாள்: அவர் என்னிடம் பத்திரமாக இருக்கிறார்.

பத்திரமாம்! பூச்சி வரும் என்பதற்காக இலை, காய், பழம் எதையும் உள்ளே விடாத இடம் அது. வாராவாரம் அலமாரிகளைத் திறந்து பார்ப்பார்கள். இது தெரிந்தவள்தான் அவள். தெரிந்தும், கும்பம் என்றால் மாவிலையும் தேங்காயும் இல்லாமல் எப்படி என்றுதான் புத்தி போயிற்று.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் தட்டு காலி. இலையும் தேங்காயும் குப்பைக்குப் போயிருந்தன. தண்ணீரைச் சிங்க்கில் கொட்டிவிட்டு, செம்பை யாரோ நல்ல மனதோடு சோப்புப் போட்டுக் கழுவி, சிங்க் ஓரத்தில் கவிழ்த்துவைத்திருந்தார்கள். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: தயவுசெய்து இங்கே உணவுப்பொருள் வைக்காதீர்கள், அன்புடன்.

"வேற தண்ணி பிடிச்சு வைப்பமோ அக்கா?" சொல்லும்போதே சுரேனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பிடிக்கலாம். அதுல யார் வந்து இருப்பா?"

வரவேண்டாமென்று துறவிக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தாள். என்ன காரணம் சொல்வது? ஒரு வரிகூட ஓடவில்லை.

வியாழக்கிழமை அவர் வந்துவிட்டார். எழுபது வயதிருக்கும், ஆறு மணி நேரம் ரயிலில் வந்த களைப்பு. முடிச்சு இருந்த பெட்டியைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே நிற்கவில்லை. புத்தர் சிலையையும், ஆள் காலிசெய்துபோன வீட்டைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்ததோடு சரி. பையிலிருந்து, புத்தருக்குச் சாத்தக் கொண்டுவந்த வெள்ளைப் பட்டுத்துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவளிடம் வந்தார்.

"எங்கே இருக்கிறார்? கூட்டிப்போங்கள்" என்றார் ஜெர்மனில்.

காட்டுவதற்கு அவளிடம் வேறு எந்த இடமிருக்கிறது? லேப் கதவைத் திறந்து, அவரைச் சிங்க்கின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.