ஆறுமுகசாமியின் சிங்களம்

ஆறுமுகசாமிக்குச் சிங்களம் தெரியும் என்பது கோவில்பட்டியில் அந்தத் தெரு முழுக்க எல்லோருக்கும் தெரியும், ஆறுமுகசாமியைத் தவிர.

எண்பத்திரண்டாம் வருஷம் இலங்கையில் ரூபவாகினி என்று டிவி ஆரம்பித்தார்கள். மெட்ராஸ் டிவி அப்போது நம் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன்தான் எட்டினான். தென்னை உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு உச்சியில் ஆன்டெனா கட்டினால் படம் விழுகிறது என்று தூத்துக்குடியில் கிளம்பிய பேச்சு கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது, அதை முதலில் நம்பியவர் ஆறுமுகசாமி. அவர் ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலி என்று நினைத்துவிடக் கூடாது. குச்சி அடுக்கி, மருந்து முக்கி, பெட்டி ஒட்டுகிற ஓட்டுக் கொட்டகையைத்தான் அந்த ஊரில் ஆபீஸ் என்பார்கள். அங்கே மருந்து முக்குகிறவன் அவர் பேச்சைக் கேட்பதில்லை. வானமும் கேட்பதில்லை. குச்சியைக் காயப்போட்ட அன்றைக்கென்று மேகம் கூடும். வீட்டிலோ மனைவி மீனாட்சியம்மாளும் மகள் ராமலட்சுமியும் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள்.

டிவி வந்த முதல் நாள் சாயந்திரம் வீடு கொள்ளாத கூட்டம். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தது. ராமலட்சுமி மொட்டைமாடியில் நின்று குழாயைத் திருப்ப, கீழேயிருந்து எல்லோரும் ஆளுக்கொரு திசை சொல்ல, கடைசியில் பொரியைக் கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாக ஒரு மனிதன் தெரிந்தான். குனிந்து தரையைக் காட்டி ஏதோ பேசினான். பேசியது சிங்களம்.

பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் கேட்டாள்: "என்ன சொல்லுதான் அண்ணாச்சி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாலை வாடாத டிவிக்கு முன்னால், அத்தனை பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, முதல் வார்த்தையாக அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"மண்ணைப் பத்திச் சொல்லுதான். சத்து கம்மியாயிட்டாம்."

அந்த நேரம் பார்த்துத் திரையில் இருந்தவன் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினான். அதோடு அவர் தலைவிதி முடிவாகிப்போயிற்று. எங்கே படித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், சின்ன வயதில் தூத்துக்குடித் துறைமுகத்தில் கொஞ்ச நாள் இருந்தபோது காதில் விழுந்தது என்றார். ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்திருக்கிறார். பொய் என்று சொல்ல முடியாது.

அன்று முதல் சாயந்திரம் டாக்குமெண்டரி ஆரம்பித்தால் அவர் வேலை ஆரம்பித்துவிடும். பாட்டும் கூத்தும் வந்தால் விளக்கம் தேவையில்லை, அவரும் சுவரில் சாய்ந்துகொள்ளலாம். ஆனால் அந்தச் சீமைக்காரர்களுக்கு என்ன ஆத்திரமோ, எதை எடுத்தாலும் டாக்குமெண்டரி எடுத்தார்கள். மாடு, மீன், மூங்கில், குளம், புத்தர் கோயில். ஒவ்வொன்றுக்கும் அவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த அரைமணி நேரம் மட்டும் அவர் சொல்லை எல்லோரும் கேட்டார்கள். மீனாட்சியம்மாள்கூட அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

கேட்டதோடு நிறுத்தியிருந்தால் குடும்பம் தப்பியிருக்கும். ஒரு நாள் திரையில் ஒரு பெண் சுவரில் வெள்ளையாக எதையோ பூசினாள். கெட்டித் தயிர், பூசினால் வீட்டுப் பக்கம் எறும்பு அண்டாது என்றார் ஆறுமுகசாமி. மறுநாள் மீனாட்சியம்மாள் ஒரு சட்டித் தயிரை அடுப்படிச் சுவரில் பூசினாள். அதுவரை ஏதோ நாலு எறும்பு வந்துபோய்க்கொண்டிருந்த இடம்தான். பொழுது சாய்வதற்குள் அந்தத் தெரு எறும்பு முழுக்க வந்து சேர்ந்தது. பின்னாலேயே பூனைகள் வந்து சுவரை நக்கின. சிங்களத் தயிர் எருமைத் தயிர், நம்முடையது பசுந்தயிர், அதுதான் வித்தியாசம் என்று அவர் சொன்னார். மீனாட்சியம்மாள் சுவரைக் கழுவினாள்.

இன்னொரு நாள் இடிந்த கோட்டை ஒன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த ஊர்ச் சரித்திரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறான் என்று அவர் சொல்லிவிட்டார். வாயிலிருந்து தானாக வந்த வார்த்தை. சொன்னபிறகு கூட்டிப் போகாமல் இருக்க முடியுமா? சித்திரை வெயிலில் ஓட்டப்பிடாரம் பஸ் பிடித்து, மூன்று பேரும் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனார்கள். அதே படத்தில் பிரயாணிகள் இலைப் பொட்டலத்தை மண்ணுக்குள் வைத்ததையும் அவர் பார்த்திருந்தார். பூமிக்குள் வைத்தால் சோறு குளிர்ச்சியாக இருக்குமாம். கோட்டைக்குப் போகும் வழியில் கரிசல்காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மெனக்கெட்டுக் குழி தோண்டுவானேன் என்று, உடைமரத்தடியில் இருந்த ஒரு வெடிப்புக்குள் புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவர் கையால் இறக்கினார். அது நிற்கும் என்று நினைத்தார். அது போய்க்கொண்டே இருந்தது. தோள்வரை கையை விட்டுப் பார்த்தும் விரலில் தட்டவில்லை.

"அப்பா, சத்தங்கூடக் கேக்கல" என்றாள் ராமலட்சுமி, வெடிப்பில் காதை வைத்துக்கொண்டு.

கோட்டைக்குள் அவர் டாக்குமெண்டரிக் குரலில் கட்டபொம்மனைப் பற்றி விளக்கினார். வயிற்றுக்குச் சோறில்லாதவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சேவு வாங்கித் தின்று தண்ணீர் குடித்தார்கள். "அங்க உள்ள மண்ணு வேற" என்று அவர் ஆரம்பித்தபோது, "ஆமா, அங்க உள்ள சோறும் வேற" என்றாள் மீனாட்சியம்மாள்.

இப்படியே ஆவணி வந்தது. ஆறுமுகசாமி அலுத்துப்போனார். பகல் முழுக்கக் குளோரேட்டு மருந்து நாற்றத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், சட்டையைக் கழற்றுவதற்குள் மொழிபெயர்ப்பு காத்திருந்தது. நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் முட்டிக்கொள்ளக்கூடாது. போன மாதம் யானைக்கு வைத்த பேரை இந்த மாதமும் அதே யானைக்கு வைக்க வேண்டும். வெயிலுகந்தம்மாளுக்கு ஞாபகசக்தி அதிகம். இத்தனைக்கும் இத்தனை மாதத்தில் அவர் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. அடுத்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறவன் எப்படிப் பார்ப்பான்? தெருவே யானையைப் பார்த்தது, டிவியை வாங்கிப் போட்டவர் பார்க்கவில்லை. ஒரே ஒரு நாள், ஒருவரும் ஒன்றும் கேட்காமல், பாயில் உட்கார்ந்து ஒரு படத்தைச் சும்மா பார்த்தால் போதும் என்று அவருக்கு இருந்தது. அதற்கு உண்மையைச் சொல்லவேண்டும். சொன்னால் தயிரும் புளிச்சோறும் சேர்ந்து எழுந்து வரும்.

அப்படி இருக்கும்போதுதான் சாமித்துரை வந்தார். மீனாட்சியம்மாளுக்குப் பெரியப்பா மகன், நாகலாபுரத்துக்காரர். சிலோனில் அட்டன் பக்கம் மலையில் வெகுகாலம் பலசரக்குக் கடை வைத்திருந்து, அதை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர். பருத்தி விதை வாங்க வந்த இடத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, தங்கச்சி வீட்டில் தங்கிப்போகலாம் என்று விதைப் பையோடு வந்து நின்றார்.

வெயிலுகந்தம்மாள் காதில் விழுந்த செய்தி தெருக்கோடிவரை போனது. சிலோனிலேயே இருந்த ஆள் வந்திருக்காவ, இன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து விளக்கம் சொல்லப்போறாவ என்று ஆட்கள் நேரத்தோடு வந்து இடம் பிடித்தார்கள்.

ஆறுமுகசாமி முதலில், பவர் கட் வருமா என்று பல்பைப் பார்த்தார். அன்றைக்கு அது பளிச்சென்று எரிந்தது. மொட்டைமாடியிலிருந்து, "அப்பா, தெரியுதா?" என்று ராமலட்சுமி கேட்டபோது படம் கண்ணாடிபோல் விழுந்திருந்தது. "தெரியல, இன்னும் திருப்பு" என்று அவர் சொல்ல, உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், "ஏட்டி, திருப்பாத, நல்லாத் தெரியுது" என்று கத்திவிட்டார்கள்.

பிறகு ஒரு விநோதம் நடந்தது. சரி, இன்றோடு முடிந்தது என்று நினைத்த நிமிஷமே அவருக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று ஆகிவிட்டது. இனி மச்சான் பார்த்துக்கொள்வார். ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகும். நாளைமுதல் சட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்காரலாம். ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்க வருகிறவனை இவ்வளவு பிரியத்தோடு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"இன்னைக்கு நீங்க சொல்லுங்க மச்சான். அங்கனயே இருந்தவிய நீங்கதான" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"சே, நல்லாருக்கே. வீட்டுக்காரரு நீங்க இருக்கையில நானா?" என்றார் சாமித்துரை.

"இல்ல மச்சான், நீங்கதான்."

"முதல்ல படத்தைப் பாப்போம் மச்சான்."

பார்த்தார்கள். அடர்ந்த தென்னந்தோப்பு. ஒரு மரத்தின் உச்சிக்கும் அடுத்த மரத்தின் உச்சிக்கும் கயிறு கட்டியிருந்தது. இடுப்பில் மண்முட்டியோடு ஒரு கள் இறக்குகிறவன், கீழே இறங்காமலே, அந்தக் கயிற்றில் நடந்து அடுத்த மரத்துக்குப் போனான். பனையேறிகளைப் பார்த்தே வளர்ந்த கூட்டம் அது. மரத்துக்கு மரம் இறங்கி ஏறாமல் போகிற ஆளை யாரும் பார்த்ததில்லை. கயிறு தொய்ந்தபோது வீடே மூச்சைப் பிடித்தது. ஆறுமுகசாமி வாயைத் திறந்தபடி பார்த்தார். டிவி வாங்கியபிறகு அவர் பார்த்த முதல் படம் அது. அந்த ஆளின் குதிகால் வெடிப்புகூட அவருக்குத் தெரிந்தது.

"என்ன சொல்லுதான் அண்ணாச்சி?" என்று வெயிலுகந்தம்மாள் சாமித்துரையைக் கேட்டாள்.

சாமித்துரை செருமினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கால் கழுவிவிட்டு வந்து சொல்கிறேன் என்று எழுந்து, "மச்சான், தொட்டி எங்கன இருக்கு, காட்டுங்க" என்றார். ஆறுமுகசாமிக்குப் படத்தை விட்டு எழுந்திருக்க மனசே இல்லை.

புறவாசலில் செம்பில் தண்ணீரை மொண்ட சாமித்துரை காலில் ஊற்றாமல் நின்றார்.

"மச்சான், எனக்கு அந்தப் பாஷை தெரியாது."

"அத்தனை வருசம் அங்கன இருந்தீங்கள்லா?"

"இருந்தது மலைக்குள்ள. கடைக்கு வந்த சனம் பூரா நம்ம பக்கத்துச் சனம். ரொட்டி கொண்டாருத சிங்களவன் ஒருத்தன் உண்டு. அவனும் எங்கிட்டத் தமிழ்லதான் பேசுவான். ஊர்ல வந்து இறங்குன அன்னைக்கு, எங்க, ரெண்டு வார்த்தை பேசிக் காட்டுன்னாவ. ரொட்டிக்காரன் அவன் மாட்டை ஏசுத வார்த்தைதான் தெரியும். அதைச் சொன்னேன். கேட்டுச் சந்தோசப்பட்டாவ." செம்பை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "இப்ப நாகலாபுரத்துல எவன் வீட்டுல பழைய கொழும்பு பிஸ்கட் டின் கெடந்தாலும் எங்கிட்டத் தூக்கிட்டு வந்து படிக்கச் சொல்லுதான். முடியல மச்சான். உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமாமே, நீங்க சொல்லுங்க. நான் ஆமாங்கேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க."

ஆறுமுகசாமியின் வாய்வரை வந்துவிட்டது, எனக்கும் தெரியாது மச்சான் என்று. வந்த வார்த்தையை அவர் கொஞ்சநேரம் பல்லுக்குள் வைத்திருந்தார். தன் சங்கதியை இப்போதே உள்ளே போய்ச் சொல்லிவிடலாம், அதற்கு அவர் தயார். ஆனால் சொன்ன அடுத்த நொடி கூட்டம் சாமித்துரை பக்கம் திரும்பும். தெரு சிரித்தால் ஆறுமுகசாமி ஆபீசுக்குப் போய்விடுவார். நாகலாபுரத்தில் சாமித்துரைக்குப் போக வேறு இடம் கிடையாது. மனிதர் தண்ணீர்ச் செம்போடு, பரீட்சைக்கு வந்த பையன்போல் நின்றார்.

"காலைக் கழுவுங்க மச்சான். ஈரத்தோட போனாத்தான் நம்புவாவ" என்றார் ஆறுமுகசாமி.

உள்ளே வந்ததும் சாமித்துரை உட்காரவில்லை. நின்றபடியே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான் அங்கனயே இருந்தவன், எனக்கே சில வார்த்தை பிடிபடாது. மச்சானுக்குத் தெரியுத அளவு சிங்களம் கொழும்புலயே பாதிப்பேருக்குத் தெரியாது. இனி அவிய சொல்லுததுதான் சரி."

கூட்டம் ஆறுமுகசாமி பக்கம் மொத்தமாகத் திரும்பியது. வாசலில் நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நெருங்கினார்கள். இவ்வளவு பெரிய ஆள் இந்தத் தெருவில் இருப்பது தெரியாமல் போயிற்றே, நாளைக்கு என் தம்பி வீட்டாரையும் கூட்டி வருகிறேன் என்று வெயிலுகந்தம்மாள் சொன்னாள்.

ஆறுமுகசாமி சுவரில் சாயவில்லை. அந்த இடத்தில் இப்போது சாமித்துரை சாய்ந்திருந்தார், காலை நீட்டி, சுகமாகத் திரையைப் பார்த்துக்கொண்டு. கயிற்றுக்காரன் நடுக்கயிற்றில் நின்று காமிராவைப் பார்த்து ஏதோ பேசினான். நிறையப் பேசினான்.

"என்ன சொல்லுதான் அண்ணாச்சி?"

அவர் யோசித்துப் பார்த்தார். யோசிக்கத் தெம்பில்லை.

"இந்த ஆளு சொல்லுதான், ஏறுனது என்னமோ ஒரு வேகத்துல ஏறிட்டேன். தினம் நடக்கேன். கீழ நிக்கிறவிய எல்லாரும் பாக்காவ, எனக்குத்தான் தோப்பு எப்படி இருக்குன்னு பாக்கக் கொடுத்து வைக்கல. இறங்கலாம்னா இன்னொருத்தன் அதே கயித்தைப் பிடிச்சிட்டு நிக்கான்னு சொல்லுதான்."

பாவம் என்று வெயிலுகந்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இத்தனை மாதத்தில் அவர் சொன்ன எதையும் அவர்கள் இவ்வளவு நம்பியதில்லை.

மீனாட்சியம்மாள் மட்டும் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"குடிச்சிட்டுச் சொல்லுங்க," என்றாள். "அடுத்த படமும் டாக்குமெண்டரிதானாம்."